நான்கு முறை வந்த வெள்ளை வண்டி

நாலு பேர் முன்னால் நின்று பேசச் சொன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். வேலையிலிருந்து நின்ற அன்று கழுத்தில் மாலை போட்டு, இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். "வரேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். கார் சர்வீஸ் சென்டரில் வண்டிகளின் உள்பக்கச் சுத்தத்துக்குப் புதிதாகப் பெண்கள் சேர்ந்திருக்கிறார்கள், வந்து உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள் என்று இப்போது கூப்பிட்டபோதும் அதே பயம்தான் வந்தது. எழுதிக் கொடுக்கிறேன் என்றேன். நான் ஐந்தாவது வரைதான் படித்தேன். எழுத்துப் பிழையைப் பக்கத்து வீட்டு டீச்சர் திருத்திக் கொடுத்தார். மற்றதெல்லாம் நான் எழுதியபடியே இருக்கிறது.

உங்களுக்கு மிஷினைப் பிடிக்கவும், சீட்டைத் துடைக்கவும், எந்தத் துணியில் எந்த மருந்து என்றும் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அது ஒரு வாரத்தில் கைக்கு வந்துவிடும். நான் அதைச் சொல்லப் போவதில்லை. நான் செய்த ஒரு தப்பைச் சொல்லப் போகிறேன். அந்தத் தப்பை நான் மூன்று முறை செய்தேன். மூன்று முறையும் நல்ல வேலை செய்ததாகத்தான் நினைத்தேன்.

நம்முடைய சர்வீஸ் சென்டர் திருவொற்றியூரில், துறைமுகத்து லாரிகள் போகும் ரோட்டில் இருக்கிறது. எண்ணூர், அத்திப்பட்டு பக்கத்து வண்டிகள் இங்கேதான் வரும். அந்தப் பக்கத்து வண்டி என்றால் மேலே அனல் மின் நிலையத்துச் சாம்பல், கீழே மணல். கை வைக்க முடியவில்லை என்று மெக்கானிக்குகள் சண்டை போட்டதால், மற்ற ஊரில் இல்லாத ஒரு வழக்கம் நம் இடத்தில் உண்டு. வண்டி முதலில் நம்மிடம் வரும். நாம் உள்ளும் புறமும் சுத்தம் செய்த பிறகுதான் ரிப்பேருக்குப் போகும். உங்களுக்கும் இப்போது அப்படித்தான் என்று கேள்விப்பட்டேன். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

ஒரு வண்டியின் உள்ளே கையை விட்டால் அந்த வீட்டுக்குள் போன மாதிரிதான். சீட்டு இடுக்கில் பால் பிஸ்கட் இருந்தால் அந்த வீட்டில் குழந்தை உண்டு. எலுமிச்சம்பழத் தோல் இருந்தால் யாருக்கோ வண்டியில் போனால் குமட்டும். விம்கோ நகரிலிருந்து வரும் ஒரு வண்டியில் பின்சீட்டு முழுக்கச் சாக்பீஸ் தூள் இருக்கும். அந்த அம்மாவை நான் பார்த்ததே இல்லை, ஆனால் அவர் எந்தப் பக்கம் உட்காருவார் என்று எனக்குத் தெரியும். இதையெல்லாம் யாரிடமும் சொல்ல மாட்டேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு வண்டிக்காரரிடம் "சார், சீட்டுல கொயந்த வாந்தி எடுத்துக்கீது, காயவெச்சா நல்லது" என்று சொல்லிவிட்டேன். அவர் மூஞ்சியைச் சுளித்தார். கஸ்டமரிடம் நீ பேசாதே என்று ஆபீசில் சொன்னார்கள். எனக்கும் அது சௌகரியமாகப் போய்விட்டது. வாயை மூடிக்கொண்டு வேலை செய்வது எனக்குப் பிடித்த வேலைதான்.

ஒரு வருஷம் மழைக்காலம் முடிந்த பிறகு அந்த வெள்ளை வண்டி வந்தது. ஏழு பேர் உட்காரும் பெரிய எஸ்யூவி, வாங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. வண்டிக்காரர் பெயர் தேசிங்கு. எண்ணூர் குப்பத்தில் சொந்தமாக ஃபைபர் போட் வைத்து மீன் பிடிக்கிறவர். ஓடிக்கொண்டிருக்கும்போதே டேஷ்போர்டில் எல்லா விளக்கும் எரிகிறது, பிறகு வண்டி நின்றுவிடுகிறது என்பது அவருடைய புகார்.

வண்டி என்னிடம் வந்தது. சீட்டுக்குக் கீழே பஞ்சுத் துண்டுகள் கிடந்தன, ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு ரத்தம் காய்ந்து. கையில் ஒட்டும் பிளாஸ்திரியும் இருந்தது. யாருக்கோ அடிக்கடி ஊசி போடுகிறார்கள் என்று தெரிந்துகொண்டேன். மேட் நன்றாகக் காய்ந்திருந்தது. அதை எடுத்துவிட்டு அடியில் இருந்த கார்பெட்டில் கை வைத்தேன். சொதசொத என்று இருந்தது. கையை எடுத்தால் பிசுபிசுப்பு. சீட்டின் கால் போல்ட்டுகளில் வெள்ளையாகப் பூத்திருந்தது. கடலோரத்தில் பிறந்து வளர்ந்தவளுக்கு அது என்னவென்று யாரும் சொல்ல வேண்டாம். எங்கள் வீட்டு ஜன்னல் கம்பியிலும் அதே உப்புதான் பூக்கும்.

நான் என்ன செய்தேன்? நல்ல தண்ணீரில் துணியை நனைத்து உப்பைத் துடைத்தேன். கார்பெட்டை மிஷினால் உறிஞ்சினேன். நான்கு கதவையும் திறந்து வெயிலில் போட்டேன். மறுநாள் கையை வைத்துப் பார்த்தால் புதுவண்டி மாதிரி இருந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

மெக்கானிக்குகள் பார்த்தார்கள். பேட்டரியில் குறை என்று மாற்றிக் கொடுத்தார்கள். இருபது நாளில் வண்டி திரும்ப வந்தது, அதே புகார். நான் மறுபடியும் துடைத்தேன், உலர்த்தினேன். இந்தத் தடவை இஞ்சின் பக்கம் ஏதோ ஒரு சாமானை மாற்றினார்கள். மூன்றாவது முறை வந்தபோது எதையும் மாற்றவில்லை. இரண்டு நாள் ஓட்டி ஓட்டிப் பார்த்தார்கள், வண்டி சொன்ன பேச்சைக் கேட்டது. ஏன் கேட்காது, நான்தான் வெயிலில் போட்டு முறுகக் காயவைத்திருந்தேனே.

அந்த மாதிரி வண்டி வாங்கிய வேறு சிலரும் வேறு வேறு குறையோடு திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தார்கள். ஒருவருக்கு ஏசியில் நாற்றம், ஒருவருக்கு ஜன்னல் இறங்காது. அதனால் எங்கள் இடத்தில் எல்லோர் வாயிலும் ஒரே பேச்சு, இந்த மாடலே அப்படித்தான் என்று. கஸ்டமரிடம் புகாரைக் கேட்டு எழுதுகிற அட்வைசர் தம்பி முதல் செக்யூரிட்டி வரைக்கும் அதைச் சொன்னார்கள். நானும் நம்பினேன். அப்படி ஒரு பேச்சு வந்துவிட்டால் அதன் பிறகு யாரும் கூர்ந்து பார்ப்பதில்லை.

நான்காவது முறை அந்த வண்டி தானாக வரவில்லை. ஒரு நாள் காலை ஒன்பதரை மணி இருக்கும், கயிறு கட்டி மினி லாரியில் இழுத்துக்கொண்டு வந்தார்கள். எர்ணாவூர் மேம்பாலத்து மேலேயே நின்றுவிட்டதாம், முன்னாலும் பின்னாலும் கண்டெய்னர் லாரி. வண்டிக்குள் தேசிங்கின் அம்மா உட்கார்ந்திருந்தார். கால் இரண்டும் வீங்கி, முகமும் உப்பி இருந்தது. ஒரு கையில் நரம்பு கயிறு மாதிரி புடைத்திருந்தது. பஞ்சுத் துண்டுகள் யாருடையவை என்று அப்போது எனக்குத் தெரிந்தது.

தேசிங்கு இறங்கினதும் கேட்டிலேயே கத்தினார். வாரம் மூன்று நாள் டவுன் ஆஸ்பத்திரியில் அம்மாவுக்கு டயாலிசிஸ். பதினொரு மணிக்கு மிஷின். நேரத்துக்குப் போகாவிட்டால் அந்த மிஷின் அடுத்தவருக்குப் போய்விடும். போன வாரம் ஒரு நாள் அப்படித்தான் தவறி, ராத்திரியெல்லாம் அம்மா மூச்சுக்குத் தவித்திருக்கிறார். இந்த வண்டியை வாங்கினதே அதற்காகத்தான்.

"இன்னொரு தபா இவங்களுக்கு மூச்சு வாங்குச்சின்னா, இந்த வண்டிய இங்கியே வெச்சு கொளுத்திட்டுப் பூடுவேன்" என்றார் தேசிங்கு. அவர் அழாத குறைதான்.

அட்வைசர் தம்பி ஓடி வந்தார். சீக்கிரம் சுத்தம் பண்ணி உள்ளே விடுங்கள் என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். நான் துணியை நனைத்துக்கொண்டு கதவைத் திறந்தேன். மேட்டைத் தூக்கினேன். அதே ஈரம், அதே வெள்ளை. முன்னைவிட அதிகம்.

துணி கையிலேயே இருந்தது. மூன்று முறை துடைத்த கை. துடைத்துவிட்டு உள்ளே அனுப்பினால் வண்டி காயும், ஓடும், இந்த அம்மா மறுபடியும் பாலத்தின் மேல் நிற்பார். அந்த இடத்தில்தான் எனக்கு முதல்முதலாக உறைத்தது. அவர்கள் தேடுவதை ஒவ்வொரு முறையும் நான் துடைத்து எடுத்துக்கொண்டிருந்தேன்.

எங்களிடம் ஒரு பழைய எலக்ட்ரீஷியன் இருந்தார். எல்லோரும் அவரை நைனா என்றுதான் கூப்பிடுவார்கள், பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. சிடுசிடுப்பான ஆள். வேலை செய்யும்போது யாரும் பக்கத்தில் போக மாட்டார்கள். நான் போனேன். "நைனா, சொம்மா ஒரு நிமிசம்" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

கார்பெட்டைத் தூக்கிக் காட்டினேன். அவர் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். சீட்டுக்குக் கீழே ஒயர்கள் வந்து சேருகிற இடத்தில் கையை விட்டு ஒரு முனையைப் பிடுங்கினார். பச்சையும் வெள்ளையுமாக அரித்துப் போயிருந்தது. ஈரம் ஏறினால் வண்டி நிற்பது இதனால்தான் என்றார்.

"இது எப்போலேந்து கீது?" என்று கேட்டார்.

"மொத தபாலேந்து. நான் தொடச்சிட்டேன், நைனா."

திட்டுவார் என்று நினைத்தேன். அவர் திட்டவில்லை. அதைப் பிறகு பேசலாம், முதலில் அந்த அம்மா போகணும் என்றார். நேராக ஆபீசுக்குப் போய், கஸ்டமரைக் கூட்டி வர மேனேஜர் வைத்திருக்கும் காரை எடுக்கச் சொல்லிவிட்டார். டிரைவர் டீ குடிக்கப் போயிருந்தான், கூப்பிட ஆள் ஓடியது. நைனாவுடைய இந்த நிதானத்தைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். குறை கிடைத்துவிட்டது என்ற சந்தோஷத்தில் நானாக இருந்தால் வண்டியையே கட்டிக்கொண்டு நின்றிருப்பேன்.

கார் வருவதற்குள் அவர் தேசிங்கிடம் வண்டிக்குள் கடல் தண்ணீர் புகுந்ததா என்று கேட்டுப் பார்த்தார். தேசிங்குக்கு வந்ததே கோபம்.

"நான் இன்னா வண்டிய கடல்லயா உட்டேன்? மொத நாளே அந்தத் தம்பி கேட்டுச்சு, வெள்ளத்துல ஓட்டினியான்னு. இல்லன்னேன். உங்களுக்கு ரிப்பேர் தெர்லன்னா எங்க மேல பழி போடுவியா நைனா?"

அவர் பொய் சொல்லவில்லை என்று நைனாவுக்கும் தெரிந்தது, எனக்கும் தெரிந்தது. ஆனால் உப்பும் பொய் சொல்லாது. இரண்டும் எப்படி உண்மையாக இருக்கும் என்று எங்களுக்குப் புரியவில்லை.

கஸ்டமர் உட்காரும் ஹாலில் அந்த அம்மா தனியாக உட்கார்ந்திருந்தார். ஏதாவது செய்ய வேண்டும் போல் இருந்தது. ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுபோய் நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"எனக்கு தண்ணி அளவுதாம்மா. நாளு முச்சூடும் ஒரு சின்ன பாட்டிலு. அத்தயும் எம் மருமவ கணக்கு பண்ணி ஊத்துவா" என்று சிரித்தார்.

பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். அவரே பேசினார். மிஷினில் நாலு மணி நேரம் படுக்க வேண்டும், வீட்டுக்குப் போகச் சாயந்திரம் ஆகும், போனதும் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்ள வேண்டும், வண்டியைக் கழுவ வேண்டும் என்றார்.

"வண்டியயா?" என்றேன்.

"பின்ன, ஆஸ்பத்திரிக்குப் போன வண்டிய அப்டியே வாசல்ல வுட முடியுமா? நாலு பொணத்தப் பாத்துட்டு வர்ற எடம். மஞ்சத்தூள் போட்டு கயுவாம நான் வூட்டுக்குள்ள கால் வெக்க மாட்டேன்."

"வெளியவாம்மா?"

"வெளிய கயுவி இன்னா பிரயோஜனம், உக்காந்துனு வந்தது உள்ளதான? எம் புள்ள ரெண்டு பக்கெட்டு மொண்டாந்து உள்ள ஊத்தி, தேச்சு, பின்கதவால தள்ளிவுட்ருவான். கரைக்கு வந்த போட்ட கயுவுறதில்லயா, அந்த மாதிரிதான். நல்ல தண்ணிக்கு லாரி வரணும், அத்த ஊத்துவாங்களா? வாசல்லயே கடல் கீதே."

அவர்களுக்கு அது தண்ணீர் புகுந்தது இல்லை. வண்டியைக் கழுவினது. வெள்ளத்தைப் பற்றிக் கேட்டோம், மழையைப் பற்றிக் கேட்டோம். வீட்டில் வண்டியை எப்படிக் கழுவுவீர்கள் என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை.

அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் கார் வந்து நின்றுவிட்டது, தேசிங்கு அம்மாவைத் தூக்கக் குனிந்தார். இன்னும் ஒரு மணி நேரத்தில் அந்தக் கையில் இரண்டு பெரிய ஊசி ஏறப் போகிறது. உன்னால்தான் வண்டி நின்றது என்ற நினைப்போடு அவர் போய்ப் படுக்க வேண்டாம் என்று தோன்றியது. அவருடைய செருப்பை எடுத்துக் காரில் வைத்தேன். போய் வாருங்கள் என்றேன். நான் பேசாமல் இருந்ததில் நியாயமான தடவை அது ஒன்றுதான்.

நைனாவிடம் போய்ச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. தலையில் கை வைத்து உட்கார்ந்து, வாரத்துக்கு மூன்று முறை, மாதத்துக்குப் பன்னிரண்டு முறை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு ஒயர் முனைகளை ஒவ்வொன்றாக மாற்ற உட்கார்ந்தார். பதினொரு மணிக்குச் சற்று முன்னால் டிரைவரிடமிருந்து போன் வந்தது, அம்மாவை உள்ளே கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள் என்று. அந்த போனுக்குப் பிறகுதான் எனக்குக் காலையில் குடிக்காத டீ ஞாபகம் வந்தது.

அந்த அம்மாவுக்குச் சொல்ல வேண்டாம், மகனிடம் மட்டும் சொல்லிவிடுங்கள் என்று நைனாவைக் கேட்டுக்கொண்டேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

"புள்ளகிட்ட சொன்னா அவன் ஆத்தாவ ஏமாத்தணும், இல்லன்னா ஆத்தாகூட சண்ட போடணும். ரெண்டும் பேஜாரு. அவங்ககிட்டயே சொல்லணும். நீ சொல்லு."

"எனக்கு வராது நைனா."

"உனக்கு வராதுன்னு எனக்குத் தெரியும். நான் சொன்னா குத்தம் சொல்ற மாதிரி இருக்கும். உங்கிட்ட அவங்களாதான் சொன்னாங்க, அதனால நீதான் சொல்லணும்."

சாயந்திரம் நாலு மணிக்கு அதே காரில் வந்தார்கள். அம்மாவின் முகத்து வீக்கம் வடிந்து இருந்தது, களைப்பாக இருந்தாலும் தெளிவாக இருந்தார். வெள்ளை வண்டியின் கார்பெட்டை முழுக்கக் கழற்றி வெயிலில் விரித்திருந்தோம். நைனா என்னைப் பார்த்தார். அட்வைசர் தம்பி பார்த்தார். தேசிங்கு பார்த்தார். இத்தனை பேர் பார்த்தால் எனக்கு என்ன ஆகும் என்று மேலேயே எழுதியிருக்கிறேன்.

நான் அந்த அம்மாவின் கையைப் பிடித்து வண்டிப் பக்கம் கூட்டிக்கொண்டு போனேன். சீட்டுக்குக் கீழே தரையில் ஓடும் ஒயர்களைக் காட்டினேன். நைனா மாற்றி எறிந்த பச்சை முனையை அவர் உள்ளங்கையில் வைத்தேன்.

"போட்டுக்கு அடிவயித்துல ஒண்ணும் இல்லம்மா. இதுக்கு நரம்பெல்லாம் இங்கதான் கீது" என்றேன்.

அவர் அந்த முனையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தேசிங்கு ஏதோ சொல்ல வாயெடுத்தார், நைனா அவர் தோளில் கை வைத்தார்.

"அப்போ நாந்தானா?" என்றார் அம்மா.

அந்தக் குரலைக் கேட்டதும் எனக்குத் தாங்கவில்லை. நான் செய்ததையும் சொல்லிவிட்டேன். முதல் முறையே உப்பைப் பார்த்தேன், சொல்லவில்லை, மூன்று முறையும் துடைத்துவிட்டேன், பார்த்த அன்றே சொல்லியிருந்தால் நீங்கள் பாலத்தில் நின்றிருக்க மாட்டீர்கள் என்றேன். ஆபீஸ் ஆட்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வேலை போகும் என்றுதான் நினைத்தேன்.

அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு அவருக்குச் சிரிப்பு வந்தது. முதலில் தோள் குலுங்கியது, அப்புறம் சத்தம் வந்தது.

"நீயும் கயுவுன, நானும் கயுவுனேன். ரெண்டு பேரும் கயுவிக் கயுவியே எம் புள்ள வண்டிய சாவடிச்சுக்கீறோம்."

தேசிங்குக்கும் சிரிப்பு வந்துவிட்டது. காலையில் வண்டியைக் கொளுத்துகிறேன் என்ற மனிதர், கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அட்வைசர் தம்பி, வீட்டில் எப்படிக் கழுவுவீர்கள் என்று கேட்காதது எங்கள் தப்பும்தான் என்று தன் தாளில் எழுதினார். என்னை யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

ஆனால் கழுவாமல் வீட்டுக்குள் கால் வைக்க மாட்டேன் என்று சொன்னவர் அவர். அந்த வழக்கத்தை விடச் சொல்ல நாம் யார்? அதற்கும் நைனாதான் வழி சொன்னார். ஓரம் உயர்ந்த ரப்பர் தட்டு மாதிரி மேட் உண்டு. அதைப் போட்டுக்கொள்ளுங்கள். வீட்டு வாசலில் அதை மட்டும் உருவி, கடல் தண்ணீரோ மஞ்சள் தண்ணீரோ, எத்தனை பக்கெட் வேண்டுமானாலும் ஊற்றிக் கழுவுங்கள், காய்ந்த பிறகு மாட்டுங்கள் என்றார். கால் பட்ட இடமெல்லாம் அதில் அடங்குமா என்று அம்மா கேட்டார். அடங்கும் என்றார் நைனா. அம்மா யோசித்து, சரி என்றார்.

அதன் பிறகு அந்த வண்டியை யாரும் இழுத்துக்கொண்டு வரவில்லை. ஆயில் மாற்ற மட்டும் வரும். அப்போதெல்லாம் எனக்கு அந்த அம்மா கருவாடு கொடுத்து அனுப்புவார், நெத்திலியோ வஞ்சிரமோ, பேப்பரில் சுற்றி முன்சீட்டில் இருக்கும். ஹாலில் உட்கார்ந்திருந்தால் என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வார். இந்த மாடலே அப்படித்தான் என்ற பேச்சும் எங்கள் இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக நின்றது. ஏசி நாற்றம் வந்த வண்டியில் எலி கூடு கட்டியிருந்ததைக் கண்டுபிடித்தோம். ஜன்னல் இறங்காத வண்டிக்கு மட்டும் இன்றுவரை காரணம் தெரியாது. எல்லாவற்றுக்கும் காரணம் கிடைக்கும் என்று நான் சொல்லவில்லை.

நான் வேலையிலிருந்து நிற்பதற்கு முந்தின வாரம் அந்த வெள்ளை வண்டி கடைசியாக என் கைக்கு வந்தது. ரப்பர் மேட்டை உருவினேன். மஞ்சள் வாசனை வந்தது. ஓரத்தில் ஒரு பஞ்சுத் துண்டு, அதில் ஒரு புதுச் சொட்டு. அம்மா நேரத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறார் என்று தெரிந்துகொண்டேன். துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, வெறும் கையைக் கார்பெட்டுக்கு அடியில் முழங்கை வரை விட்டேன்.

கையை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். கொஞ்சம் மணல் ஒட்டியிருந்தது, அவ்வளவுதான். அதற்குப் பிறகுதான் துணியை நனைத்தேன்.